அறிவினாவின் சுவை: பொது அறிவு வினாக்களை எப்படி ரசிப்பது?

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாக வகுத்தார். அவற்றுள் அறிவினா என்பது, விடையைத் தான் அறிந்திருந்தும் எதிரில் இருப்பவர் அறிவாரா என்று பார்ப்பதற்காக ஒருவர் கேட்பது. ஆசிரியர் மாணவரிடம் கேட்கும் வினா அதற்குச் சொல்லப்படும் வழக்கமான எடுத்துக்காட்டு. வினாடி வினா மேடையிலும், தொலைக்காட்சியிலும், தொழிற்பேட்டைகளின் உணவு இடைவேளையிலும் விளையாட்டாகக் கேட்கப்படும் பொது அறிவு வினாக்கள் அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவையே. தேர்வறையில் அச்சம் ஊட்டும் அதே அறிவினா விளையாட்டில் இன்பம் தருவதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரித்தறிந்தவர், கேட்கப்படும் வினாவின் தரத்தைத் தாமே மதிப்பிடத் தொடங்கிவிடுவார். இதற்கு வேண்டிய எடுத்துக்காட்டுகளைத் தமிழகத்தின் வடகிழக்குக் கோடியில் உள்ள கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூர் மாவட்டமுமே தாராளமாக வழங்குகின்றன.

காரணத்தோடு வரும் விடை

தமிழகச் சட்டமன்றத்தின் 1ஆம் எண் தொகுதி எது என்ற வினாவுக்கு விடை, கும்மிடிப்பூண்டி. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் இதை ஒரு வரியாக மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ரசிப்பவரோ அந்த எண் அந்த ஊருக்கு எப்படி வந்தது என்று அடுத்த வினாவைத் தாமே எழுப்புவார். மக்கள்தொகைக் கணக்கையொட்டித் தேர்தல் தொகுதிகளின் எல்லைகளைத் திருத்தியமைப்பது தொகுதி மறுவரையறை எனப்படும். 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையில் எண்ணும் வரிசை வடக்கில் தொடங்கித் தெற்கில் முடிந்ததால், ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி முதல் எண்ணையும், கன்னியாகுமரி மாவட்டத்தின் கிள்ளியூர் 234 என்ற இறுதி எண்ணையும் பெற்றன. அதற்கு முந்தைய வரிசை தலைநகரிலிருந்து தொடங்கியமையால் சென்னையின் இராயபுரமே முதல் தொகுதியாக இருந்தது. காரணம் தெரிந்தவருக்குக் கடைசித் தொகுதி எந்த மாவட்டத்தில் இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு விடையைப் பெற்றவர் கேட்கப்படாத இன்னொரு வினாவுக்கும் விடை சொல்லும் நிலையை அடைகிறார் என்றால், அந்த வினா முதல் தேர்வில் வென்றுவிட்டது எனலாம்.

யோசித்து எட்டும் விடை

இரண்டாவது அளவுகோல், விடையை முன்பே படித்திராதவரும் யோசனையால் அதை எட்ட முடியுமா என்பது. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் ஏவப்பட்டு வருகின்றன. துருவப் பாதைக்கு, அதாவது வடதென் துருவங்களின் மேலாகப் புவியைச் சுற்றும் பாதைக்கு, அங்கிருந்து செல்லும் ராக்கெட் நேர் தெற்கே பறக்காமல் முதலில் தென்கிழக்காகச் சென்று பிறகு தன் பாதையை வளைத்துக்கொள்வது ஏன் என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். விண்வெளி அறிவியல் அறியாதவரும் மனத்திலேயே ஒரு வரைபடத்தை விரித்து, அத்தீவிலிருந்து தெற்கே ஒரு கோடு இழுத்துப் பார்த்தால், அது இலங்கையின் மேல் விழுவதைக் காண்பார். எரிந்து கழன்ற பாகங்கள் மக்கள் வாழும் நிலத்தில் விழக்கூடாது என்பதற்காகவே, எரிபொருள் கூடுதலாகச் செலவானாலும் அந்த வளைவு மேற்கொள்ளப்படுகிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டதன் காரணமும் இதே வரைபடத்தில் கிடைத்துவிடும். அங்கிருந்து தெற்கே இருப்பது திறந்த கடல். இத்தகைய வினாவைக் கேட்டவுடன் கைப்பேசியைத் தேடாமல் அரை நிமிடமாவது மனத்தில் உருட்டிப் பார்ப்பது ரசனைக்கு முதல் ஒழுக்கம். குழுவாக ஆடுவோர் தம் யோசனையை வாய்விட்டுப் பேசிக்கொள்வதும் நல்லது. ஒருவர் தவறாகச் சொன்ன ஊகம் மற்றவருக்குச் சரியான தடத்தைக் காட்டுவதுண்டு.

மறைப்பதன் நயம்

தொல்காப்பியச் செய்யுளியல் விடுகதையைப் பிசி என்ற பெயரால் ஓர் இலக்கிய வகையாகவே கொண்டது. தெரிந்த பொருளைத் தெரியாதது போலத் தோன்றச் செய்யும் அந்தக் கலை, பொது அறிவு வினாவின் சொல்லமைப்பிலும் வேலை செய்கிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் எது என்று கேட்டால், திருத்தணி என்று தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் வாளாவிருப்பார், அத்துடன் முடிந்தது. குடியரசுத் துணைத் தலைவர் ஒருவர் பதவியில் இருந்த காலத்திலேயே அவர் பிறந்த ஊர் இருமுறை மாநிலம் மாறியது, அவர் யார் என்று கேட்டாலோ அரங்கமே விழித்துக்கொள்ளும். மாநில எல்லைகள் பெரிதும் மாறிய காலம் 1950களும் அதை ஒட்டிய ஆண்டுகளும் என்பதும், 1952 முதல் 1962 வரை அப்பதவியில் ஒருவரே இருந்தார் என்பதும் நினைவுக்கு வந்தால் பெயர் தானே வெளிப்படும். சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1953இல் ஆந்திர மாநிலத்துக்குச் சென்றது, ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இரு வினாக்களும் ஒரே செய்தியிலிருந்து பிறந்தவை. இரண்டாவதில் ஒரு வட்டாரத்தின் வரலாறும் சேர்ந்து வருகிறது.

ஐயமும் ரசனையே

துல்லியம் இல்லாத வினா எவ்வளவு சுவையாக இருந்தாலும் பழுதுடையது. இந்தியாவில் பழைய கற்காலக் கருவியை ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் கண்டெடுத்த இடம் அத்திரம்பாக்கம் என்று பலர் சொல்வதுண்டு. 1863 மே மாதம் அவருக்கு முதற்கருவி கிடைத்தது பல்லாவரத்தில், திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கண்டெடுத்தது அதே ஆண்டின் பிற்பகுதியில். அத்திரம்பாக்கத்தின் பெருமை வேறு: அங்குக் கிடைத்த கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் தொன்மையானவை என்று 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது.

தவறான தகவல் எப்படிப் பரவுகிறது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றும் உண்டு. பிரெட் வொர்த் என்ற அமெரிக்கர், தம் பொது அறிவுத் தொகுப்பைப் பிறர் நகலெடுத்தால் கண்டுபிடிப்பதற்காக, கொலம்போ என்ற தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் பிலிப் என்று ஒரு பொய்யை அதில் நட்டுவைத்தார். கனடாவில் 1979இல் உருவாக்கப்பட்ட டிரிவியல் பர்சூட் என்ற வினா விளையாட்டில் அதே பிலிப் தோன்றவே அவர் வழக்குத் தொடுத்தார். உண்மைச் செய்திகளுக்குக் காப்புரிமை இல்லை என்ற அடிப்படையில் தோற்றும் போனார். விடையைக் கேட்டு வியந்தவர், அது எங்கிருந்து வந்தது என்றும் கேட்கப் பழகினால், வியப்பு குறையாமலேயே நம்பிக்கை உறுதிப்படும்.

வினா ஆக்கும் பயிற்சி

ரசனை முதிர்வதற்குச் சிறந்த வழி, வினாவைத் தாமே ஆக்கிப் பார்ப்பது. மகாராஷ்டிரத்தின் மகாபலேஸ்வரத்தில் பிறக்கும் ஆற்றின் நீர் ஊத்துக்கோட்டை அருகே தமிழகத்துக்குள் வருவது எப்படி என்று தொடங்கி, கண்டலேறு – பூண்டிக் கால்வாய் வழியே சென்னையின் குடிநீருக்காக வரும் கிருஷ்ணா நீரில் முடிக்கலாம். சென்னைக் கடற்கரையில் புறப்பட்டுக் கும்மிடிப்பூண்டியைக் கடந்து, ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகிலுள்ள சூலூர்பேட்டை வரை செல்லும் மின்தொடர் வண்டியிலிருந்து, ரயிலில் சென்று அடையக்கூடிய ராக்கெட் தளம் பற்றிய வினா ஒன்றை அமைக்கலாம். ஆக்கிய வினாவை அறிந்தவரிடம் சோதிப்பதைவிட அறியாதவரிடம் சோதிப்பதே பயன் தரும். விடை சொல்லப்பட்டதும், இது தமக்கு எட்டியிருக்க வேண்டியதுதான் என்று தோற்றவரும் ஒப்புக்கொண்டு, அடுத்தவரிடம் தாமே அதைக் கேட்கப் புறப்பட்டால், அந்த வினா நன்கு அமைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.