அட்டை மின்னுகிறது, கேள்வி எங்கே?

கோடை பிறக்கிறது, பொறியியல் கல்லூரிகளை அடுத்துள்ள பைண்டிங் கடைகளிலே கூட்டம் பெருகுகிறது. கெட்டி அட்டை, பொன்னிற எழுத்து, உறுதிமொழிப் பக்கம், நன்றியுரைப் பக்கம், வழிகாட்டியின் கையொப்பம், துறைத்தலைவரின் கையொப்பம் - முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வேடு ஆயத்தம்! மந்திரம் பிசகினால் சாமி கோபிக்கும் என்று அஞ்சும் பக்தரைப்போல, ஓரத்து இடைவெளி பிசகினால் ஏடு திரும்பிவிடுமே என்று மாணவர் அஞ்சுகிறார். அந்த ஏடு எழுப்பும் கேள்வி என்ன என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

சடங்கு என்று நாம் எதைச் சொல்கிறோம்? பொருள் மறைந்து, செய்முறை மட்டும் எஞ்சி நிற்பதைத்தானே! கோயிலிலே சடங்கைக் கண்டால் ஏன் என்று கேட்கும் நாம், கல்லூரியிலே சடங்கைக் கண்டால் வாய்மூடி நிற்கலாமா?

நம் நண்பர் ஒருவர் இயந்திரப் பொறியியலில் முதுகலை முடித்தவர். விசைத்தறித் தொழிலாளியின் மகன். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அவர் வீட்டு அலமாரியிலே அவருடைய ஆய்வேட்டைக் கண்டோம். உலோகத்தில் துளையிடும்போது கருவி எவ்வளவு தேய்கிறது என்பது பற்றிய ஏடு. "இந்தக் கேள்வி உமக்கு எப்படித் தோன்றியது, தோழரே?" என்று கேட்டோம். அவர் சிரித்தார், அந்தச் சிரிப்பிலே கசப்பு இருந்தது.

"எனக்கா தோணுச்சு? தலைப்பே கடையிலதான் கொடுத்தாங்க. வாய்மொழித் தேர்வுல என்ன கேட்பாங்க, என்ன சொல்லணும்னுகூட எழுதிக் கொடுத்தாங்க. அம்மாவோட வளையல் அதுக்குத்தான் போச்சு."

அப்போது அவருடைய தந்தை உள்ளே வந்தார். மகன் உரக்கக் கூவித்தான் நம்மை அவருக்கு அறிமுகப்படுத்த முடிந்தது. முப்பது ஆண்டுத் தறியோசை அவர் செவியைத் தின்றுவிட்டது. "தறி போடுற சத்தத்தைக் குறைக்க வழி உண்டான்னு முதல்ல கேட்டேன். அதெல்லாம் சின்ன வேலை, புதுத் தலைப்பா கொண்டு வான்னுட்டாங்க" என்றார் நண்பர்.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! கேள்வி வீட்டிலேயே இருந்தது. தந்தையின் செவியிலே இருந்தது. அதை வெளியே தள்ளிவிட்டு, விலைக்கு வாங்கிய விடையைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது.

மாணவரை மட்டும் குற்றம் சாட்டுவது எளிது, அது நேர்மையாகாது. திட்டத்தின் அமைப்பையே பார்ப்போம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் முதுகலைப் பொறியியலுக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தம் 68 மதிப்பலகுகள். அவற்றுள் ஆய்வேட்டுக்கு மூன்றாம் பருவத்திலே 10, நான்காம் பருவத்திலே 16, ஆக 26. ஆய்வுமுறையும் அறிவுசார் சொத்துரிமையும் சேர்ந்த ஒரே பாடத்துக்கோ 2! விடை எழுத 26. வினவக் கற்க, அதுவும் உரிமைச் சட்டத்தோடு பங்கிட்டுக்கொண்டு, 2. பதினைந்து ஆண்டுக்கு மேலாக மனப்பாடம் செய்தே தேறிவந்த பிள்ளையை, "இனி நீயே கேள்வி கேள்" என்று திடீரென நடுத்தெருவிலே நிறுத்தினால், அவர் கடையைத் தேடிப் போவதிலே வியப்பென்ன?

அதே திட்டத்திலே மதிப்பலகு இல்லாத பாடங்களின் பட்டியல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதுதல் இருக்கிறது, அரசியல் சட்டம் இருக்கிறது, இவை வேண்டியவையே. தொழில்நுட்ப அறிவுக்குச் சமஸ்கிருதம் என்பதும் இருக்கிறது. யோகத்தால் மன அழுத்தத்தை ஆளுதல் என்பதும் இருக்கிறது. விருப்பப் பாடம்தானே என்பர். ஆகட்டும். தம் ஊர்த் தறியை, தம் ஊர்க் கிணற்றை, தம் தாய்மொழியிலே கேள்வியாக வடிக்கக் கற்றுத்தரும் பாடம் அந்தப் பட்டியலிலே எங்கே? அழுத்தத்தை உண்டாக்கும் முறையைத் திருத்தாமல், மூச்சை அடக்கக் கற்பிப்பதா மருந்து?

துறைக்குத் துறை ஆய்வின் இயல்பு வேறு என்பதையும் இந்த முறை மறக்கிறது. கட்டடப் பொறியியல் மாணவர் கற்காரைக் கட்டியை வார்த்துவிட்டு, அதன் வலிமையை அறிய 28 நாள் காத்திருக்க வேண்டும். கலவை பிழைத்தால் இன்னொரு 28 நாள். வேளாண் மாணவருக்கோ பயிர் தவறினால் ஒரு பருவமே போயிற்று. கணிப்பொறி மாணவர் பல சோதனைகளை ஓர் இரவிலே மீண்டும் ஓட்டிப் பார்க்கலாம். மண்ணுக்கு ஒரு காலம், பயிருக்கு ஒரு காலம், கணிப்பொறிக்கு ஒரு காலம். எல்லாரையும் ஒரே நாளில், ஒரே அச்சில், ஒரே வடிவிலே முடிக்கச் சொன்னால் என்ன நேரும்? காத்திருக்க முடியாதவர் எண்களைக் கற்பனை செய்வார். தோற்ற சோதனையை மறைப்பார். தோல்வியும் ஓர் அறிவே என்று சொல்ல அந்த ஏட்டிலே இடமில்லை.

காவல் இல்லையா என்றால், இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதி வகுத்தது. பிற எழுத்துகளோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்குமேல் 40 வரை திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே நீங்கும். நல்ல நோக்கம், மறுக்கவில்லை. ஆனால் எந்திரம் சொற்களை எண்ணுகிறது, உழைப்பை எண்ணுவதில்லை. பிறர் ஏட்டிலிருந்து சில பக்கங்களை எடுத்தவர் சிக்குகிறார். ஏடு முழுவதையும் புதிதாக எழுதச் சொல்லி விலைக்கு வாங்கியவர் தப்புகிறார்! நம் நண்பரின் ஏடும் அந்தச் சல்லடையைத் தாண்டியதுதான்.

முதுகலை மாணவரிடம் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது என்போர் உண்டு. அவர்களுக்கு ஓர் ஆய்வேட்டைக் காட்டுவோம். 1937இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே கிளாட் ஷானன் என்ற மாணவர் தம் முதுகலை ஆய்வேட்டை அளித்தார். வயது 21. ஏடு நூறு பக்கம்கூட இல்லை. மின்சுற்றுகளைத் திறந்து மூடும் ரிலே என்னும் கருவிகளை, அதுவரை பெரும்பாலும் அனுபவத்தையும் கைப்பழக்கத்தையும் கொண்டே பொறியாளர்கள் இணைத்து வந்தார்கள். இதற்குக் கணக்கு உண்டா என்பதே ஷானனின் கேள்வி. உண்டு, உண்மை பொய் என்னும் இரண்டே மதிப்புகளைக் கொண்ட தருக்கக் கணக்கு போதும் என்று அவர் காட்டினார். மின்பூட்டு ஒன்றையும், எண்களைக் கூட்டும் சுற்று ஒன்றையும் அதே முறையால் வகுத்தும் காட்டினார். இன்றைய கணிப்பொறிகளின் சுற்று வடிவமைப்பு அந்த அடித்தளத்தின்மீதே நிற்கிறது.

அந்தத் தருக்கக் கணக்கை அவருக்குத் தந்தவர் யார்? ஜார்ஜ் பூல், இங்கிலாந்திலே செருப்புத் தைப்பவர் ஒருவரின் மகன். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். குடும்பத்தைக் காக்கப் 16 வயதிலேயே பள்ளி ஆசிரியரானவர். தாமே கற்று 1849இல் அயர்லாந்தின் கார்க் நகரிலே பேராசிரியரானவர். சிந்தனையின் விதிகளை ஆராயும் அவருடைய நூல் 1854இல் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே மின்பொறியியல், கணிதம் ஆகிய இரண்டிலும் 1936இல் பட்டம் பெற்ற ஷானன், அங்கே தத்துவ வகுப்பிலேதான் பூலின் கணக்கை அறிந்தார். துறைகளுக்கிடையே சுவர் எழுப்பியிருந்தால் அந்தச் சந்திப்பு நேர்ந்திருக்குமா? பிறப்பைப் பார்த்து அறிவை அளப்போர், செருப்புத் தைப்பவர் மகனின் கணக்கைத் தம் கணிப்பொறியிலிருந்து நீக்கிவிட்டு அதை இயக்கிக் காட்டட்டுமே!

எல்லாரும் ஷானன் ஆக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. எல்லாருக்கும் கேட்கும் உரிமை வேண்டும் என்கிறோம். இன்றும் இரவு பகல் பாராமல் ஆய்வகத்திலே உழைக்கும் மாணவர் உண்டு. அவரோடு விழித்திருக்கும் ஆசிரியர் உண்டு. அவர்கள் உழைப்புக்கும் கடைச்சரக்குக்கும் ஒரே பட்டம் என்பதுதான் அநீதி.

ஆகவே, முதலாண்டிலேயே ஒவ்வொரு மாணவரும் தம் கேள்வியை ஒரே பக்கத்திலே, விரும்பினால் தமிழிலே, எழுதித் தரட்டும். வழிகாட்டி அதைப் படித்து வாதிடட்டும். துறைக்கு ஏற்பக் காலம் வகுக்கட்டும். தோற்ற சோதனையையும் ஏட்டிலே பதிவு செய்ய இடம் தரட்டும். வாய்மொழித் தேர்வு திறந்த அவையிலே நடக்கட்டும். தறியைப் பற்றிய ஏடாயின் தறித் தொழிலாளியும் அங்கே அமர்ந்து கேட்கட்டும். 2009ஆம் ஆண்டு விதி முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் பொதுப் பார்வைக்கு வைக்கச் சொன்னது. பொறியியல் முதுகலை ஏடுகளை அது தொடவில்லை. அவற்றையும் ஊரார் காணத் திறந்து வைக்கட்டும்.

கல்லூரியிலே பயிலும் தோழர்களே! இந்த ஆண்டு உங்கள் கையிலே ஓர் ஆய்வேடு வரப்போகிறது. கடைக்குப் போகுமுன் ஒருமுறை வீட்டுக்குப் போங்கள். தாயின் கையை, தந்தையின் செவியை, தெருவிலே ஓடும் சாக்கடையைப் பாருங்கள். அங்கே தோன்றும் கேள்வியை வழிகாட்டியிடம் கொண்டு போங்கள். "சிறிய வேலை" என்று அவர் தள்ளினால், ஏன் என்று கேளுங்கள்.