பரண்மேல் இருக்கும் சாமி: மதுரை வட்டாரத்து வீட்டுத் தெய்வங்கள்

மதுரையிலும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் குலசாமிக்குக் கோயில் உண்டு. ஊர்ச்சாமிக்குத் திருவிழா உண்டு. வீட்டுச்சாமிக்கு இரண்டும் இல்லை. சுவரில் இட்ட சந்தனப் பொட்டு, ஒரு மாடக்குழி, பரண்மேல் ஓர் ஓலைப்பெட்டி: இவ்வளவுதான் அதன் இருப்பிடம். வீட்டில் உறையும் கடவுளுக்குப் பலியிடும் செய்தி அகநானூற்றிலேயே வருவதால் வழக்கம் மிகப் பழையது.

இந்தச் சாமிகள் பெரும்பாலும் அந்தந்த வீட்டில் இறந்தவர்களே. கல்யாணம் ஆகாமல் அம்மை கண்டோ, கிணற்றில் விழுந்தோ, பூச்சி தீண்டியோ போன பெண் கன்னியாகிறாள். பிள்ளைப்பேற்றில் இறந்தவளும், கணவன் இருக்கவே பூவும் பொட்டுமாகப் போனவளும் வணங்கப்படுகிறார்கள். வட மாவட்டங்களில் பூவாடைக்காரி என்று கும்பிடப்படுபவளும் இத்தகையவள்தான். வாழ்ந்து முடித்தவருக்குத் திதி போதும். பாதியில் அறுந்த வாழ்வுக்கோ வீடு ஆண்டுதோறும் பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பங்குதான் இந்த வழிபாட்டின் உயிர்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே இதற்குச் சான்று. கன்னிக்குப் பாவாடை, சட்டை, தாவணி. சுமங்கலிக்குச் சீலை, ரவிக்கை. கூடவே கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம், சீப்பு, கண்மை. தைப்பொங்கலை ஒட்டியோ, ஆடியிலோ, மாசிச் சிவராத்திரியிலோ பெட்டியை இறக்கித் துடைத்துப் புதுத்துணி வைப்பார்கள். போன ஆண்டுத் துணியை வீட்டுப் பெண்பிள்ளை உடுத்திக்கொள்வாள், வெளியாருக்குக் கொடுப்பதில்லை. படையலில் சர்க்கரைப் பொங்கல், மாவிளக்கு, பணியாரத்தோடு இறந்தவள் விரும்பித் தின்ற பண்டமும் இடம்பெறும். சில குடும்பங்களில் அந்தப் படையலைப் பங்காளிகள் மட்டுமே உண்பார்கள்.

வீட்டில் நல்லகாரியம் தள்ளிப்போனாலோ குழந்தைக்குத் தொடர்ந்து சுகமில்லாமல் போனாலோ கோடாங்கியிடம் குறி கேட்பார்கள். 'கன்னியை மறந்துட்டீங்க' என்று வந்தால், விட்டுப்போன சீலை அந்த வாரமே வாங்கப்படும்.

ஸ்காண்டிநேவிய நாடுகளின் பண்ணை வீடுகளிலும் இதற்கு ஒத்த நம்பிக்கை இருந்தது. டென்மார்க்கிலும் நார்வேயிலும் நிஸ்ஸே, சுவீடனில் தொம்தே எனப்படும் குள்ளக் கிழவன் மாட்டுத்தொழுவத்தையும் தானியத்தையும் காப்பான். கிறிஸ்துமஸ் இரவில் அவனுக்கு வெண்ணெய் இட்ட கஞ்சி வைக்க வேண்டும். வெண்ணெய் இல்லையென்று கோபித்துப் பசுவைக் கொன்றவன், அது கஞ்சிக்கு அடியில் கிடந்ததைக் கண்டு வருந்திய கதை அங்கே பரவலானது. நிலத்தைத் திருத்திய முதல் குடியானவனின் ஆவியே அவன் என்றும் பல இடங்களில் நம்பினார்கள். 14ஆம் நூற்றாண்டிலேயே சுவீடனின் புனித பிர்கித்தா இவ்வழிபாட்டைக் கண்டித்தார். 1881இல் சுவீடன் கவிஞர் விக்டர் ரிட்பெரி தொம்தேயைப் பற்றி எழுதிய கவிதைக்குப் பின் தொம்தே மெல்ல கிறிஸ்துமஸ் அட்டைப் படமாகிவிட்டான். மதுரைக் கன்னிக்கு அந்தக் கதி நேரவில்லை. அவளுக்குப் பெயரும் தாய்தகப்பனும் உண்டு. உறவை அட்டையில் அச்சிட முடியாது.

ஆய்வுலகம் இவளைப் போதிய அளவு கவனிக்கவில்லை. மதுரை வட்டாரத்துப் பிறமலைக் கள்ளர்களிடையே 1949–50இல் களப்பணி செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், 1957இல் வந்த நூலில் குலக்கோயில் அமைப்பையே விரிவாகப் பேசினார். மானிடவியலாளர் இசபெல் நபோகோவின் 2000ஆம் ஆண்டு நூல் பூவாடைக்காரியை நெருங்கிப் பார்த்தது. ஆனால் அது செஞ்சிப் பக்கத்துக் களம். பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவன் நாட்டார் தெய்வங்களைச் சமூக வரலாறாக வாசிக்கக் கற்றுத்தந்தார். அந்த வழியில் வீட்டுச்சாமிகளை ஊர் ஊராகத் தொகுக்கும் வேலை மீதமிருக்கிறது.

அந்த வேலைக்கு அவசரமும் உண்டு. மதுரை நகரத்துக்குக் குடிவந்தவர்கள் சிவராத்திரிக்குச் செக்கானூரணி, உசிலம்பட்டி, தேனிப் பேருந்துகளில் குலசாமியைத் தேடிப் போகிறார்கள். பெட்டியோ பெரும்பாலும் பூர்வீக வீட்டில் மூத்தவர் பொறுப்பில் தங்கிவிடுகிறது. வாடகை வீட்டில் பரணும் இல்லை, மாடக்குழியும் இல்லை. வீடு விற்கப்பட்டால் பெட்டியை யார் எடுப்பது என்பதில் பங்காளிகளுக்குள் பேச்சு எழுகிறது. அந்தக் கன்னிகளின் பெயரும் இறந்த விதமும் வயதான பெண்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அடுத்த முறை பெட்டியை இறக்கும்போது அவர்களிடம் கேட்டு, ஒரு நோட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.