டர்போ போச்சா, ஹோஸ் போச்சா? பழைய டீசல் காருக்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர்

பழைய டீசல் கார் இழுவை குறைந்து, எஞ்சினும் கடகடத்தால் பட்டறையில் முதலில் காதில் விழுவது 'டர்போ போச்சு' என்பதுதான். பத்து வயது தாண்டிய காருக்குப் புது டர்போ என்பது சின்னச் செலவல்ல. அதற்குத் தலையாட்டும் முன் நாமே ஒருமுறை பார்த்துவிட முடியுமா? ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை, இந்த இரண்டு குறையும் உள்ள 1.3 லிட்டர் டர்போ டீசல் காரில் மாட்டி மதுரையை ஒட்டிய கப்பலூர் வட்டாரத்தில் ஓட்டிப் பார்த்தோம்.

என்ன கருவி?

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. ஆயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் கிடைக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் பக்கம் இருக்கும் 16 முனை சாக்கெட்டில் செருகி, போனில் 'டார்க்' அல்லது 'கார் ஸ்கேனர்' செயலியைத் திறந்தால் எஞ்சின் கம்ப்யூட்டர் பேச ஆரம்பிக்கும். உள்ளே இருக்க வேண்டியது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய இ.எல்.எம். 327 சிப். மலிவு விலைக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது அதன் நகல். அட்டையில் அச்சிட்டிருக்கும் வெர்ஷன் எண்ணை நம்பி வாங்க வேண்டாம். சாதாரண ப்ளூடூத் நகல்கள் ஐபோனுடன் சேராது. அதற்கு வைஃபை அல்லது ப்ளூடூத் எல்.இ. வகைதான் வேண்டும்.

மதுரைக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. பாரத் ஸ்டேஜ் 4 புகை மாசு விதி 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்குத்தான் வந்தது. மதுரை அதில் இல்லை. நாடு முழுவதும் அது கட்டாயமானது 2017 ஏப்ரலில். அதனால் இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கே பதிவான கார் ஸ்டேஜ் 3 ஆகவும் இருக்கலாம். அதில் சாக்கெட் இருந்தாலும் செயலி பாதி விவரங்களைக் காட்டாமல் போகலாம். நண்பரிடம் கருவியை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது நல்லது.

சாலையில்

மதுரை ரிங் ரோடு நான்கு வழிச்சாலையில் சேரும் இடம் கப்பலூர். அங்கிருந்து திருமங்கலம் பக்கம் தட்டையான, நேரான சாலை. போக்குவரத்து குறைந்த நேரத்தில் இந்தச் சோதனைக்கு ஏற்றது. போன், பக்கத்து இருக்கையில் இருப்பவர் கையில்தான் இருக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய முதல் எண், இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தம். எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பினால் மதுரையில் அது சுமார் 100 கிலோபாஸ்கல் காட்டும். அது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். மூன்றாம் கியரில் 2,000 சுழற்சிக்கு மேல் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தால், நல்ல டர்போ டீசலில் அது 200-ஐ ஒட்டி ஏற வேண்டும். உச்சம் வண்டிக்கு வண்டி மாறும். எங்கள் காரில் 140-க்கு மேல் நகரவில்லை. பின்னால் கரும்புகை. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரியவில்லை. ஆனால் செயலியில் பி0299 என்ற கோடு, அதாவது 'டர்போ அழுத்தம் போதவில்லை', நிலுவையில் இருந்தது.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இந்தக் கோடு டர்போ கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. காற்று வந்து சேரவில்லை என்றுதான் சொல்கிறது. ஏர் ஃபில்டர் அடைப்பு, ஹோஸ் கிழிசல், தளர்ந்த கிளிப், வேஸ்ட்கேட்டை இயக்கும் ஆக்சுவேட்டர், கரி பிடித்துத் திறந்தபடி நின்றுவிட்ட இ.ஜி.ஆர். வால்வு என்று எதுவும் காரணமாகலாம். டர்போ இந்தப் பட்டியலில் கடைசி. மலிவானதிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் காரில் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தது. கையால் வளைத்ததும் கிழிசல் வாய் திறந்தது. சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டு, அழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கும் கிழிசல் அது. ஹோஸை மாற்றி அதே சாலையில் ஓட்டியபோது எண் 200-ஐத் தாண்டியது, கரும்புகையும் நின்றது.

ஒரு எச்சரிக்கை: இந்த வகை எஞ்சின் 1,800 சுழற்சிக்குக் கீழே சோம்பலாக இருப்பது இயல்பு. அதைக் கோளாறு என்று நினைத்துப் பட்டறைக்கு ஓட வேண்டாம்.

சத்தத்துக்குக் காதுதான்

இழுவை திரும்பியது, கடகட சத்தம் போகவில்லை. செயலியில் புதுக் கோடு எதுவும் இல்லை. ஸ்கேனரின் எல்லை இதுதான். தேய்ந்த செயினால் கிராங்க், கேம் இரண்டின் ஒத்திசைவு கணிசமாக விலகினால் பி0016 வரலாம். அதுவரை கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது.

சத்தம் எப்போது வருகிறது என்று கவனிப்பதே பாதி வைத்தியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி மட்டும் கடகடத்தால் டைமிங் செயின் டென்ஷனரைச் சந்தேகிக்கலாம். கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் மாறினால் ஃப்ளைவீல் அல்லது கிளட்ச் பேரிங். குறிப்பிட்ட சுழற்சியில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் கேட்டால் சைலன்சர் மேலுள்ள வெப்பத் தகடு. எஞ்சின் ஆறியபின் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். டர்போவே கெட்டிருந்தால் கடகடப்பைவிட ஊளைச் சத்தமும் நீலப் புகையும்தான் அதிகம் வரும்.

எங்கள் கார் முதல் வகை. டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைந்த அளவுக் கோட்டுக்கும் கீழே இருந்தது. கப்பலூர் பக்கத்து மெக்கானிக் ஒருவர், "செயினுக்கு ஆயுசே ஆயில்தாண்ணே, அத விட்டுட்டு மிஷின நோண்டி என்ன செய்ய?" என்றார். ஃபியட் வடிவமைத்து, மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல கார்களில் ஓடிய 1.3 லிட்டர் டீசல் எஞ்சினில் இருப்பது பெல்ட் அல்ல, செயின். அதை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தம். ஆயில் குறைந்தால் செயின் தளரும்; பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். 'செயின்தானே, மாற்றவே வேண்டாம்' என்ற நம்பிக்கை அந்த அளவுக்கு ஆபத்தானது. செயின் செட் மாற்றிய பின்தான் காலைச் சத்தம் அடங்கியது.

பிடித்தது, பிடிக்காதது

விலை, நேரடி எண்கள், கோளாறு பதிவானபோது எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்ற விவரம் ஆகியவை பிடித்தன. நகல் சிப்கள் இடையிடையே இணைப்பை விடுவது எரிச்சல். செருகியபடியே விட்டால் பேட்டரி இறங்கும். 'கோடை அழி' பொத்தானை அவசரப்பட்டுத் தொடக் கூடாது. எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அழித்தால் மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தடயமும் சேர்ந்து போய்விடும்.

தீர்ப்பு

இழுவைக் குறைவுக்கு இந்தக் கருவி வாங்கத் தகுந்தது. தேவையில்லாத ஒரு டர்போ மாற்றத்தைத் தவிர்த்தாலே பல மடங்கு காசு திரும்பிவிடும். சத்தத்துக்கு இதை நம்பாதீர்கள். இரண்டு குறையும் ஒன்றாக வந்ததால் காரணமும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால், அழுத்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டை அவரையும் பக்கத்தில் நின்று கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பணத்தை எடுங்கள்.