கோழியும் குதிரையும்

மாஸ்டா எம்எக்ஸ்-5 குட்டி ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர், இரண்டு கைப்பை. மூன்றாவதாக ஒரு குடை வைப்பதென்றால் யோசிக்கணும். ஃபோர்டு எஃப்-150 அமெரிக்க பிக்கப். ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் கட்டில் பீரோ ஏற்றலாம், தகுந்த எஞ்சின் இருந்தால் 5 டன்னுக்கு மேல் இழுக்கும். சைக்கிளையும் மாட்டு வண்டியையும் ஏனய்யா ஒப்பிடுகிறாய் என்பீர்கள். ஒற்றை ஆள் ஆபீஸ் போய் வர இரண்டையுமே ஓட்டுகிறார்களே, அதனால்தான்.

முதலில் கணக்கு. எம்எக்ஸ்-5 சுமார் 1,060 கிலோ, அமெரிக்காவில் விற்பதற்கு 181 குதிரைத்திறன். எஃப்-150 இரண்டு டன்னுக்கு மேல், 3.5 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 400. வகுத்தால் கிலோவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுதான். நேர் ரோட்டில் பிக்கப் லேசில் தோற்காது. ஒரு வளைவு வரட்டும், குட்டு வெளிப்படும். அங்கே எஞ்சின் பலம் உதவாது. நாலு டயர்தான் மொத்த எடையையும் பிடித்துத் திருப்பணும். பிரேக் போட்டாலும் அதே கதை. ஒரே வேகத்தில் எடை இரண்டு மடங்கென்றால், சூடாக்கித் தொலைக்க வேண்டிய ஆற்றலும் இரண்டு மடங்கு. குதிரையும் சவாரிக்காரனும் ஒரே உடம்பு என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற பழமொழியை மாஸ்டாக்காரர்கள் 1989-லிருந்து இந்தக் காருக்காகச் சொல்லி வருகிறார்கள். விளம்பரம்தான், ஆனால் பொய்யில்லை.

பிக்கப்பை மட்டம் தட்டவில்லை. 2015 மாடலில் பாடியை அலுமினியத்துக்கு மாற்றி 300 கிலோ வரை இளைக்க வைத்தது அசல் இஞ்சினியரிங். விவசாயிக்கும் கொத்தனாருக்கும் அது சோறு போடுகிற வண்டி. ஆனால் அது ராஜாவானதில் ஒரு கோழிக்கும் பங்குண்டு. அறுபதுகளில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அமெரிக்கக் கோழிக்கு வரி போட, பதிலுக்கு அமெரிக்கா 1964-ல் வெளிநாட்டுச் சின்ன லாரிகளுக்கு 25 சதவீதம் போட்டது. கோழிச் சண்டை முடிந்துபோனது, வரி போகவில்லை. போட்டியில்லாத களத்தில் உள்ளூர் பிக்கப் கொழுத்தது. எரிபொருள் விதிகளிலும் லாரி இனத்துக்குத் தனிச் சலுகை.

கொழுத்தால் என்ன என்று விட முடியவில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்சூரன்ஸ் கழகம், பாதசாரிகள் அடிபட்ட சுமார் 18,000 விபத்துகளை அலசி 2023-ல் முடிவு வெளியிட்டது. முன்பக்க பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உயரமுள்ள வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த மூக்குள்ள வண்டியைவிடச் சாவுக்கு வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம்.

எம்எக்ஸ்-5-ன் குறைகளை, முதுகு வலியோ, மழைச் சத்தமோ, பக்கத்தில் லாரி வந்தால் பயமோ, காசு கொடுத்து வாங்கினவரே அனுபவிக்கிறார். பிக்கப்பின் குறையை ரோட்டைக் கடக்கிற யாரோ அனுபவிக்கிறார். என் ஓட்டு குட்டிக்குத்தான். பின்னால் மணலோ வைக்கோலோ இருந்தால் பிக்கப்புக்கு ஒரு வணக்கம். காலியாக இருந்தால், இரண்டு டன் உலோகம் ஒரு காபி வாங்கப் போகிறது, அவ்வளவுதான்.