காட்டைக் கற்றவர்களும் கற்றுக்கொடுத்தவர்களும்

கேமரன் மலைக்கு ஏறுகிறவர்கள் தேயிலையைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சுங்கை பாலாஸ் தோட்டத்தில் நின்று பார்த்தால், கத்தரித்து ஒழுங்குபடுத்திய செடிவரிசை ஓரிடத்தில் முடிந்து அதற்கு மேல் காடு தொடங்கிவிடும். அந்தக் காடு தெலோம் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக லிப்பிஸ் பக்கம் இறங்குகிறது. மேற்கே பேராக்கையும் வடக்கே கிளந்தானையும் தொடுகிறது. 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பின்வாங்கியது இந்த நடுமலைத் தொடருக்குள்தான். அவர்களைத் தேடிப் போன பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ். இன்றைய உருவத்தை அடைந்ததும் மலாயாக் காடுகளில்தான். ‘காட்டை வென்ற படை’ என்ற புகழ் அதற்கு இங்கேதான் கிடைத்தது. அந்தப் புகழில் பாதி நியாயமானது. மீதிப் பாதியைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் நியாயமான பாதி. 1950இல் மைக் கால்வர்ட் என்ற அதிகாரி ‘மலாயன் ஸ்கவுட்ஸ்’ என்ற பெயரில் ஒரு படையைத் திரட்டினார். இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டுக்குள் ஜப்பானியரை எதிர்த்தவர் அவர். தொடக்கத்தில் அந்தப் படை குடிக்கும் ஒழுங்கீனத்துக்கும் பேர்போனது. கால்வர்ட்டே நோய்ப்பட்டு அடுத்த ஆண்டு நாடு திரும்பினார். ஆனால் அவர் முன்வைத்த யோசனை சரியானது. ஆயிரம் பேர் வரிசையாகக் காட்டை அலசினால் கெரில்லாவுக்கு அரைநாள் முன்னமே தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக நாலைந்து பேர் உள்ளே போய், வாரக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும். உணவு விமானத்திலிருந்து விழும். காட்டில் வாடை வெகுதூரம் போகும் என்பதால் சோப்பும் சிகரெட்டும் கூடாது. ஆற்றங்கரையில் ஒரு காலடித்தடம் கிடைத்தால் அதன் ஓரமாக அசையாமல் நாட்கணக்கில் படுத்திருக்க வேண்டும். அட்டை கடிக்கும், காலில் புண் வரும், மழையில் உடுப்பு உடம்பிலேயே மக்கும். இப்படி மூன்று மாதம் வரை காட்டை விட்டு வெளியே வராத குழுக்கள் இருந்தன. 1952இல் இது 22ஆம் எஸ்.ஏ.எஸ். படைப்பிரிவாக உருவானது. ஜான் வுட்ஹவுஸ் போன்ற அதிகாரிகள் ஆள்தேர்வைக் கடுமையாக்கினார்கள். உடல்வலுவைவிட, தனியாக, சத்தமில்லாமல், மனம் கோணாமல் காத்திருக்கும் குணத்தைத் தேடிய தேர்வு அது. பொறுமையை ஒரு படைத்திறனாக மாற்றியது இந்தப் போர்முறையின் உண்மையான சாதனை.

இனி எண்ணிக்கை. அவசரகாலம் முழுவதிலும் எஸ்.ஏ.எஸ். கொன்ற கெரில்லாக்கள் 108 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மொத்தத்தில் கொல்லப்பட்ட கெரில்லாக்களோ 6,700 பேருக்கு மேல். பெரும்பங்கை முடித்தவர்கள் சாதாரணக் காலாட்படையினர், கூர்க்காக்கள், போலீஸ்காரர்கள், துப்புக் கொடுத்த உளவுப் பிரிவினர். சரணடைந்தவர்களே இரண்டாயிரத்துக்கு மேல். அவர்களை வெளியே கொண்டுவந்தவை பசியும் பரிசுப்பணமும் துண்டறிக்கைகளும். எண்ணிக்கையை வைத்து மட்டும் ஒரு படையை எடைபோடக் கூடாதுதான். ஆனால் கதை சொல்லும்போது 108ஐ முன்னால் நிறுத்தி 6,700ஐ மறைப்பது நேர்மையல்ல.

வீரத்தின் மேல் உள்ள மோகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மரத்தில் குதித்த கதை போதும். விமானத்திலிருந்து பாராசூட்டோடு நேராகக் காட்டின் மரமுடிகள் மேல் விழுவது, கிளையில் குடை சிக்கியதும் கூடவே கொண்டுபோன கயிற்றைக் கட்டிக் கீழே இறங்குவது என்பது திட்டம். மலாயாக் காட்டு மரங்கள் இருநூறு அடி உயரம் போகக்கூடியவை. 1952 பிப்ரவரியில் பேராக்கின் பேலும் பள்ளத்தாக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் குதித்தபோது பெரிய சேதம் இல்லை. அதையே வெற்றி என்று எடுத்துக்கொண்டார்கள். 1954 ஜனவரியில் இதே முறையில் குதித்த மூவர் செத்தார்கள். அதற்குப் பிறகும் குதிப்பு உடனே நின்றுவிடவில்லை. 1958இல் தெலுக் அன்சன் சதுப்பில்கூடக் குதித்தார்கள். நடந்து போனால் சில நாள் தாமதமாகும் இடத்துக்கு, கிளை முறியுமா தாங்குமா என்று தெரியாமல் ஆளை இறக்குவது துணிச்சலா? என் கணக்கில் அது மேலதிகாரியின் அவசரத்துக்குச் சிப்பாய் கொடுத்த விலை.

ஆனால் மிகப் பெரிய விலையைக் கொடுத்தவர்கள் சிப்பாய்கள் அல்ல. இந்த மலைக்காட்டில் செமாய், தெமியார் பூர்வக்குடிகள் காலங்காலமாக வாழ்கிறார்கள். கெரில்லாக்களுக்கு மரவள்ளியும் வழியும் தகவலும் கிடைத்தது அவர்களிடம்தான். கம்யூனிஸ்டுகள் அதற்கென்றே ‘அசல்’ என்று ஓர் அமைப்பு வைத்திருந்தார்கள். அரசு முதலில் செய்தது, பூர்வக்குடிகளைக் காட்டிலிருந்து கீழே இறக்கிக் கம்பிவேலி முகாம்களில் அடைத்தது. சமவெளி வெக்கை, பழகாத சாப்பாடு, தொற்றுநோய், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கானோர் அந்த முகாம்களில் மாண்டார்கள். மிச்சமிருந்தவர்களில் பலர் தப்பிக் காட்டுக்குள் ஓடி, கெரில்லாக்களோடு இன்னும் நெருக்கமானார்கள். மனிதக் கணக்கிலும் போர்க் கணக்கிலும் இது தோல்வி.

அதற்குப் பிறகுதான் எஸ்.ஏ.எஸ்.ஸின் மெச்சத்தக்க வேலை வருகிறது. 1953 வாக்கில் பூர்வக்குடிகளைக் கீழே இறக்குவதை விட்டு, அவர்கள் இருக்கும் இடத்துக்கே கோட்டைகள் போயின. தெலோம், கெமார், புரூக் என்று காட்டுக்குள் ஒவ்வொன்றாக எழுந்தன. கோட்டை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சிறு விமானம் இறங்கும் ஒரு பட்டை, ஒரு கடை, ஒரு மருந்தறை, சில போலீஸ்காரர்கள். படையின் மருத்துவச் சிப்பாய் காய்ச்சலுக்கு மாத்திரையும் புண்ணுக்கு மருந்தும் கொடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சையும் கற்றுக்கொண்டான். துப்பாக்கியால் கிடைக்காத தகவல் இதில் கிடைத்தது. பூர்வக்குடிகள் விலகியதும் கெரில்லாவுக்குக் காடு வெறும் மரமாகிப் போனது.

அடுத்த படி இன்னும் பொருள் பொதிந்தது. பூர்வக்குடித் துறைக்குத் தலைமை தாங்கிய ரிச்சர்ட் நூன் 1956இல் பூர்வக்குடிகளையே சேர்த்து ‘செனோய் பிராக்’ படையைக் கட்டினார். 1958இல் எஸ்.ஏ.எஸ். கிளம்பிப் போனபோது அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டது இவர்கள்தான். தடம் பார்ப்பது, வாடை பிடிப்பது, சத்தமின்றி நடப்பது என்று வெள்ளைக்காரச் சிப்பாய் மாதக்கணக்கில் அரைகுறையாகக் கற்றதெல்லாம் இவர்களுக்குச் சிறுவயதுப் பழக்கம். இங்கே ஒரு நெருடலும் உண்டு. மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் 1968இல் எழுதிய நூல், செமாய்களை வன்முறை அறியாத மக்கள் என்றே தலைப்பில் சொன்னது. சண்டையென்றால் ஒதுங்கிப் போகும் சமூகத்தின் இளைஞர்களைக் கொலைத்தொழிலுக்குப் பழக்கியது வெற்றிதான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த நூலில் போர்வெறி பற்றி வரும் ஒரு சிறு பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, ‘பார், இவர்களும் கொலைகாரர்களே’ என்று வாதாடியவர்கள் உண்டு. டென்டன் அதைப் பிற்பாடு மறுக்க வேண்டியிருந்தது.

தேயிலைச் சரிவில் இருந்த நம் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்தப் போர் வேறு உருவத்தில் வந்தது. மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் லயங்களை ஓரிடத்தில் கூட்டிக் கம்பி போட்டார்கள். காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கு முடிந்து வேலைக்காட்டுக்குப் போகிறவர் கையில் சோற்றுப் பொட்டலம் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு கடுமையான பகுதிகளில் இருந்தது. கடையில் விற்கும் தகரடின்னைக்கூடத் துளைபோட்டுக் கொடுத்தார்கள், காட்டுக்குப் போகாமல் இருக்க. போர் தொழிற்சங்கத்தையும் விடவில்லை: தொழிற்சங்கத் தலைவர் கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். முந்தின நாள் சக தொழிற்சங்கவாதி வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டார். கெரில்லாவைப் பட்டினி போட்டதில், சோற்றுப் பொட்டலம் இல்லாமல் போன தொழிலாளர்களின் வெறும் கைகளுக்கும் பங்கு உண்டு. சிறப்புப் படைகளின் வரலாற்று நூல்களில் இவர்கள் வருவதே அபூர்வம்.

காட்டைப் படிக்கும் திறமைக்கு எல்லை எது என்று கேமரன் மலையே ஒருமுறை காட்டியது. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வணிகரும் முன்னாள் அமெரிக்க உளவு அதிகாரியுமான ஜிம் தாம்சன், தானா ராத்தா பக்கத்து மூன்லைட் பங்களாவிலிருந்து உலாவப் போனவர் திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், பூர்வக்குடித் தடம்பார்ப்பவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். நூனும் வந்து பார்த்தார். ஆள் காட்டுக்குள் இல்லை என்பது அவர் முடிவு. கடத்தலா விபத்தா என்று இன்றுவரை தீரவில்லை. காட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கும் காட்டில் இல்லாத ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை.

சிறப்புப் படைகளின் இன்னொரு வேலையான பிணைக்கைதி மீட்பு என்றாலே 1980இல் லண்டன் ஈரான் தூதரகத்தில் கறுப்பு உடையில் கயிற்றில் இறங்கிய எஸ்.ஏ.எஸ். வீரர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். நம் பக்கத்து அனுபவம் வேறு. எஸ்.ஏ.எஸ். பயிற்சியோடு 1969இல் கெமார் கோட்டையில் உருவானது மலேசியப் போலீசின் வாட் 69 கமாண்டோ படை. 2000 ஜூலையில் அல்-மவுனா என்ற தீவிரவாதக் கும்பல் கிரிக் பக்கத்து முகாம்களிலிருந்து ஆயுதங்களைத் திருடி, பேராக்கின் சாவுக் பக்கத்து மலையில் ஒளிந்தபோது வாட் 69உம் ராணுவக் கமாண்டோக்களும் சுற்றி வளைத்தார்கள். கும்பலிடம் நால்வர் சிக்கினார்கள். அவர்களில் மூவர் பாதுகாப்புப் படையினரே. போலீஸ்காரர் ஆர். சகாதேவனும் ராணுவத்தின் மேத்யூ மெடானும் கொல்லப்பட்டார்கள். மற்ற இருவர் உயிரோடு மீண்டதற்கு, வளையத்தின் அழுத்தத்தோடு, அதிகாரிகள் உள்ளே போய்க் கும்பல்தலைவன் அமினிடம் நடத்திய பேச்சும் காரணம். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. கொல்லும் கைக்கும் காத்திருந்து பேசும் வாய்க்கும் இடையே, இந்தக் காடு இரண்டாவதற்கே அதிகம் பலன் கொடுத்திருக்கிறது.

எனவே இந்தப் போர்முறைக்கு என் மதிப்பெண் இரண்டு வகை. சிறு குழு, நீண்ட பொறுமை, மருந்துப்பெட்டி, உள்ளூர் மொழி ஆகியவற்றுக்கு நிறைய மதிப்பெண் கொடுக்கலாம். மரத்தில் குதித்த சாகசத்துக்கும், முகாமில் அடைத்த முடிவுக்கும், புகழைத் தனதாக்கிக்கொண்ட எழுத்துக்கும் கொடுக்க ஒன்றுமில்லை.

செனோய் பிராக் இன்றும் மலேசியப் போலீசின் பொது நடவடிக்கைப் படையில் இருக்கிறது. அதன் ஒரு பட்டாளம் இந்த மலையின் மேற்கு அடிவாரமான பீடோரில். பூர்வக்குடிகளை ஆளும் சட்டமோ 1954இல், அவசரகாலத்தின் நடுவில், இயற்றப்பட்டதே. அவர்களின் மரபு நிலத்துக்கு உரிமை உண்டு என்று 2002இல் சாகோங் தாசி வழக்கில் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் சொன்ன பிறகும், ஊர் ஊராக நிலத்தை அளந்து பதியும் வேலை முடியவில்லை. மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரம். கேமரன் மலையின் செமாய் குடியிருப்புகளை அளந்து அரசிதழில் பதிய வேண்டியது பகாங் அரசு. அதைச் செய்யட்டும்.