கிலோவுக்கு 150 மில்லி

தாய்ப்பால் குடிக்கும் குழந்தை எவ்வளவு குடித்தது என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. தாய்ப்பால் போதாமலோ கொடுக்க முடியாமலோ பவுடர் பாலுக்கு வரும் வீட்டில் முதல் நாளே கேள்வி எழுந்துவிடுகிறது: ஒரு வேளைக்கு எத்தனை மில்லி? குழந்தை நல மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விடை, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி. மூன்று கிலோ குழந்தைக்கு 450. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 55 மில்லி சுமாராக வரும். பிறந்த அன்றே இது பொருந்தாது. கிலோவுக்கு 60 மில்லி அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரத்தில் 150-ஐ எட்டுவார்கள்.

இந்தக் கணக்கின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கலந்த பவுடர் பால் 100 மில்லியில் ஏறக்குறைய 67 கலோரி இருக்கிறது. 150 மில்லி என்றால் கிலோவுக்கு 100 கலோரி. பச்சிளம் குழந்தையின் தேவைக்கு இது அருகில் நிற்கிறது. மஞ்சள் காமாலையில் சோர்ந்து தூங்கும் குழந்தை பசித்தாலும் அழுது கேட்காது. அழட்டும், கொடுக்கலாம் என்று காத்திருந்தால் ஆபத்து. அங்கே இந்த எண்தான் காவல். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த குழந்தைக்கு மருத்துவர் எழுதித் தரும் அளவில் வீட்டார் கைவைக்கவே கூடாது.

சிக்கல், அதே எண்ணை ஆறாம் மாதம் வரை இழுத்துக்கொண்டு போகும்போது வருகிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2004-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், முதல் மாதத்தில் கிலோவுக்கு 110 கலோரி போலத் தேவைப்படுவது ஐந்தாம் மாதத்தில் 80 அளவுக்கு இறங்கிவிடுகிறது. முதல் மாதங்களில் குடிக்கும் பாலில் கணிசமான பங்கு உடம்பு வளர்வதற்கே செலவாகிறது. அந்த வேகம் பிறகு தணிந்துவிடும். போட்டுப் பாருங்கள். ஒரு மாதக் குழந்தை நான்கு கிலோ என்றால் சூத்திரம் 600 மில்லி தரும். அதற்குத் தேவையோ 650. ஐந்து மாதக் குழந்தை ஏழு கிலோ என்றால் சூத்திரம் 1,050 மில்லி என்கிறது. 840 மில்லியிலேயே தேவை நிறைந்துவிடும். மிச்சம் 210 மில்லி, ஒரு முழுப் புட்டி. ஆரம்பத்தில் கொஞ்சம் குறைத்துச் சொல்லி, பின்னால் நிறையக் கூட்டிச் சொல்கிறது இந்தச் சூத்திரம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் எடைக் கணக்கோடு நிறுத்தாமல், நாளுக்கு 960 மில்லியைப் பொதுவாகத் தாண்ட வேண்டாம் என்று ஓர் உச்சவரம்பும் வைப்பது அதனால்தான் பொருத்தமாகப் படுகிறது.

இதைவிட என்னை வருத்துவது, நாள் கணக்கை வேளைக் கணக்காக வெட்டுவது. குழந்தை காம்பை நாக்கால் தள்ளுகிறது, முகத்தைத் திருப்புகிறது, விரித்த விரல்கள் தளர்ந்து கிடக்கின்றன. பாட்டி விடுவதில்லை. "இன்னும் இருவதுதான் தங்கம், குடிச்சிரு" என்று உள்ளங்காலைச் சுண்டி, காம்பை வாய்க்குள் திருப்பித் திருப்பி வைக்கிறார். பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். குடித்து மீந்த பாலை வைத்திருந்து கொடுக்கக் கூடாது, கொட்டத்தான் வேண்டும். டப்பா விற்கும் விலையில் யாருக்கு மனசு வரும்? முதலில் 60 கலந்து கொடுத்து, இன்னும் தேடினால் 30 கலந்து கொடுத்தால் இந்த இழுபறி பெருமளவு குறையும். அயோவாவில் சாமுவேல் ஃபோமன் செய்த ஆய்வுகளில், ஆறு வாரம் தாண்டிய குழந்தைகள் கெட்டியான பாலைக் குறைவாகவும் நீர்த்த பாலை அதிகமாகவும் குடித்துத் தங்கள் தேவையைச் சரிக்கட்டிக்கொண்டன. நலமாக இருக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. கடைசி 20 மில்லியைத் திணிக்கும்போது நாம் குலைப்பது அதைத்தான்.

மில்லியை இவ்வளவு கவனிக்கும் நாம் பவுடரைக் கவனிப்பதில்லை. பல டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு ஸ்கூப். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகே பவுடர். இரண்டு ஸ்கூப்பைப் போட்டுவிட்டு 60 கோடு வரை தண்ணீர் விட்டால் பால் கெட்டியாகிவிடும். மலச்சிக்கலும் சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமையும் வரும். ஒரு கம்பெனி ஸ்கூப்பை இன்னொரு டப்பாவில் போடுவதும் தவறு, அளவு மாறும். மாசக் கடைசியில் டப்பா இன்னும் நாலு நாள் வரட்டும் என்று ஒரு ஸ்கூப்பைக் குறைக்கும் வீட்டில் 150 மில்லி கச்சிதமாக உள்ளே போகும், குழந்தை மெலியும். இந்தப் பிழை எதுவும் சூத்திரத்தின் கண்ணில் படாது.

ஆகவே முதல் சில வாரம் எண்ணைப் பிடித்துக்கொள்ளலாம். பிறகு அதை நாள் மொத்தத்துக்கான ஒரு தோராயமாக வைத்துக்கொண்டு, 24 மணி நேரத்தில் ஆறு துணியாவது நனைகிறதா, எடை சீராக ஏறுகிறதா என்று பார்ப்பதே மேல். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூட ஒரு நாளில் இறங்கவில்லை என்றால், மருத்துவரிடம் போக அந்த ஒரு காரணம் போதும். எடை அட்டையில் கோடு கீழே சரிந்தால் நர்ஸம்மா உடனே கேட்கிறார். அதே கோடு மாதாமாதம் மேலே தாவும்போது "நல்லா கொழுகொழுன்னு இருக்கே" என்று கொஞ்சி அனுப்பிவிடுகிறோம். பவுடர் பால் குழந்தைக்கு அன்றும் கேட்க வேண்டும்: புட்டியைக் காலி செய்தது குழந்தையா, கொடுத்தவரா?