மூளையும் தர்மபூதஜ்ஞானமும்: ஒரு விமர்சனம்

அறிவு மூளையின் செயலிலிருந்தே பிறக்கிறது என்னும் நவீன பக்ஷத்தை மறுத்து நம்மவர் எழுதும் கட்டுரைகளில் இரண்டு யுக்திகள் அடிக்கடி காணப்படுகின்றன. மூளையை அறிவு சிறிதும் அபேக்ஷிப்பதில்லை என்பது ஒன்று. விஞ்ஞானிகளே தோல்வியை ஒப்புக்கொண்டனர் என்பது மற்றொன்று. ஸித்தாந்தத்தைக் காக்க எழுந்த இவ்விரண்டும் அதற்கு இசைவனவா என்பது இங்கு விசாரிக்கப்படுகிறது.

பின்னதை முதலில் காண்போம். உணர்வுக்கு உரிய நரம்புச் செயல் 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகக் கண்டறியப்படும் என்று 1998இல் நரம்பியல் அறிஞர் கிறிஸ்டோஃப் காக், தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டார். இதை ஆத்மஸித்திக்கு ப்ரமாணமாகக் காட்டுவது தகாது. குறித்த காலத்துக்குள் ஒன்று அறியப்படவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது. நாளை அறியப்பட்டால் நம் பக்ஷம் விழுந்துவிடுமோ? பிறர் அறியாமையை ஆதாரமாகக் கொண்ட வாதம், அவர் அறிந்தவுடன் ஆதாரமற்றதாகும்.

முன்னது அனுபவத்துக்கே விரோதம். 1953இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலாய்சன் என்பவரின் மூளையில் இருபுறமும் சில பகுதிகள் நீக்கப்பட்டன. அதன்பின் 2008இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சிகளை அவரால் நினைவில் நிறுத்த இயலவில்லை. மயக்க மருந்தால் அறிவு ஒடுங்குவதும் எல்லாரும் அறிந்ததே.

இவற்றைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. ஆத்மாவுக்கு ஸ்வரூபமான ஜ்ஞானம் வேறு, அவனுக்கு தர்மமான ஜ்ஞானம் வேறு என்பது நம் ஆசார்யர்கள் காட்டிய விபாகம். தர்மபூதஜ்ஞானம் ஸம்ஸார தசையில் கர்மத்தாலே சுருங்கியும், இந்த்ரியங்கள் வழியே விரிந்தும் நிற்கும். உறக்கத்தில் அது ஒடுங்கினாலும், ‘நான்’ என்று தனக்குத்தானே தோன்றும் அஹமர்த்தம் அழிவதில்லை என்று ஸ்ரீபாஷ்யம் நிலைநாட்டுகிறது. ப்ரஹ்மஸூத்ரத்தில் மூர்ச்சைக்கென்றே ஓர் அதிகரணம் (3.2.10) உண்டு. ஆகவே, சரீரம் கெட்டால் அறிவு சுருங்கும் என்பது நாம் முன்பே இசைந்தது.

அப்படியாயின் தேஹாத்மவாதத்துக்கு விடை எங்கே உள்ளது? வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு உண்டாவதுபோல் பூதங்களின் சேர்க்கையால் சைதன்யம் உண்டாகும் என்றான் சார்வாகன். இன்று வெற்றிலையின் இடத்தில் நரம்பணு நிற்கிறது, வாதம் மாறவில்லை. அந்தச் சிவப்பு பிறர் கண்ணுக்கும் விஷயமாகும். ஒருவன் அறிவோ அவனுக்கே தோன்றுவது. அவன் மூளையை எத்தனை கருவிகளால் பார்த்தாலும் பார்ப்பவனுக்குத் தெரிவது பராக்கான பொருளே. ப்ரத்யக்கான ‘நான்’ அங்கே விஷயமாவதில்லை. உடன்நிகழ்வு எவ்வளவு நுட்பமாக அறியப்பட்டாலும் இந்த பேதம் நீங்காது. ஆத்மஸித்தியில் ஆளவந்தார் தேஹாத்மவாதத்தை நிராகரித்த நெறியை ஒட்டி நாம் வாதிக்க வேண்டிய இடம் இதுவே.

இது வாதத்தில் வெல்வதற்காக மட்டும் சொல்வதன்று. முதுமையில் மறதி நோயுற்றுத் திருமந்த்ரத்தையும் மறந்த பெரியோர் பல இல்லங்களில் உளர். மூளையை அறிவு அபேக்ஷிப்பதில்லை என்போமாகில், அந்த மறதி அவர் பக்தியின் குறையாக முடியும். வராஹ சரமச்லோகமோ மனம் தெளிந்து, தாதுக்கள் ஸமநிலையில் நிற்கும் காலத்து நினைவையே சேதனனிடம் எதிர்பார்க்கிறது. அவன் கட்டையும் கல்லும்போல் கிடக்கும் அந்திம காலத்தில் நினைக்கும் பொறுப்பை எம்பெருமான் தானே ஏற்கிறான். இதன் பொருளை விரிக்கவே ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யசிகாமணியை அருளிச்செய்தார். தாதுக்கள் கெட்டால் ஸ்ம்ருதி கெடும் என்பதை மறுப்பவன் இந்த ச்லோகத்தின் அபயத்தையே பயனற்றதாக்குகிறான். சேதனனின் நினைவு சரீரத்தைப் பற்றி நிற்பது. அவனைக் காக்கும் நினைவு அவ்வாறு நிற்பதன்று.